வேடம் யாருக்கு? பள்ளி நாடகமும் இலக்கியப் பாடமும் நமக்குக் கற்றுத்தந்தவை



பாடகர், ஆய்வாளர், நாடகக்காரர் கே.ஏ. குணசேகரனை நினைவுகூர நாம் இங்கே கூடியிருக்கிறோம். சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955இல் பிறந்தவர் அவர். நாட்டுப்புறப் பாட்டை ஒடுக்கப்பட்ட மக்களின் அரசியல் குரலாக மேடையேற்றினார். புதுச்சேரிப் பல்கலைக்கழக நிகழ்கலைத் துறையில் நீண்ட காலம் கற்பித்தார். 2016 ஜனவரியில் மறைந்தார். பிறப்பால் தென் மாவட்டத்துக்காரர் என்றாலும், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அவர் அயலார் அல்லர். புதுச்சேரி நமக்குப் பக்கத்து ஊர். அவர் உழைத்த இடமும் அதுவே.

அவரைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அது நம் பள்ளிக்கூடங்களில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதே இந்த உரையின் வேலை. அந்தக் கேள்வி இதுதான்: வேடம் யாருக்கு? யார் அரசன் வேடம் கட்டுவது, யார் அடியாள் வேடம் கட்டுவது, யார் திரை பிடித்து நிற்பது, யார் மேடையைப் பெருக்குவது? நாடகத்தில் இதைப் பாத்திரப் பங்கீடு என்கிறோம். ஊரில் இதற்குச் சாதி என்று பெயர். இரண்டையும் ஒரே பிள்ளை ஒரே நாளில் சந்திக்கும் இடம் உயர்நிலைப் பள்ளி.

இந்த உரையைத் தயாரித்த நாங்கள் இப்பகுதிப் பள்ளிகளில் தமிழ் படித்தவர்கள், தமிழ் நடத்தியவர்கள், கூத்துக் களரியில் பின்பாட்டு நின்றவர்கள். ஆகவே பாடநூலையும் களரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசுகிறோம்.

1. பாடநூலில் இருக்கும் நாடகம்

தமிழ்நாட்டின் புதிய பாடநூல்கள் 2018இலும் 2019இலும் இரண்டு கட்டமாக வந்தன. பத்தாம் வகுப்புத் தமிழ் நூலில் நிகழ்கலை பற்றி ஓர் உரைநடைப் பாடம் இருக்கிறது. கரகாட்டம், ஒயிலாட்டம், தேவராட்டம், தெருக்கூத்து எல்லாம் அதில் வருகின்றன. இராமானுசர் பற்றிய நாடகம் ஒன்றும் அதே நூலில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பூமணியின் 'உரிமைத்தாகம்' சிறுகதை இடம்பெற்றது. முந்தைய தலைமுறையின் பாடநூல்களோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். பறையும் கூத்தும் பாடமாகும் நாள் வருமென்று நம் தாத்தாக்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பாடமாகிவிட்ட ஒன்று பாடமாக நடக்கிறதா என்பது வேறு கேள்வி. பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு வகுப்பு. நிகழ்கலைப் பாடம் 'குறுவினா, சிறுவினா, நெடுவினா' என்று பிரிக்கப்பட்டு, கைடு புத்தகத்தின் விடையாகச் சுருங்கி, மனப்பாடமாக முடிகிறது. கரகத்தின் எடையைப் பற்றிய ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை தெரிந்த பிள்ளைக்கு, தன் தெருவில் கரகம் ஆடும் அத்தையின் கலையும் அதுதான் என்று சொல்லப்படுவதில்லை. நாடகப் பாடமோ உட்கார்ந்தபடி வாசிக்கப்படுகிறது. நன்றாக வாசிக்கும் பிள்ளை இராமானுசர், அடுத்தபடியாக வாசிப்பவர் குரு, மற்றவர்கள் கேட்பவர்கள்.

நாடகம் எழுந்து நிற்பது ஆண்டு விழாவில்தான். 2022–23 கல்வியாண்டு முதல் அரசு நடத்திவரும் கலைத் திருவிழா இன்னொரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். வரவேற்க வேண்டியதே. ஆனால் போட்டி என்று வந்தவுடன் பரிசு வாங்கக்கூடிய பிள்ளையைத் தேடும் பழக்கமும் வருகிறது. நிறமாக இருப்பவர், 'சுத்தமான' உச்சரிப்பு உடையவர், ஒப்பனைக்கும் உடைக்கும் வீட்டில் பணம் தரக்கூடியவர். இந்த மூன்று தகுதிகளும் எந்தத் தெருவுக்கு முதலில் போய்ச் சேரும் என்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்பகுதிப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் நந்தனார் நாடகம் போட்டார்கள். நந்தனாக நடிக்கக் காலனிப் பையன் ஒருவனைத் தேடினார்கள், அவன் மறுத்துவிட்டான். கடைசியில் ஊர்த்தெருப் பையன் ஒருவன் முகத்தில் கரி பூசிக்கொண்டு நந்தனானான். மறுத்தவன் பெஞ்சு தூக்கப் போனான். எங்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். அவன் ஏன் மறுத்தான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அந்த மறுப்பைப் புரிந்துகொள்ள நந்தன் கதையையே ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

2. ஒரு கதை, பல வேடப் பங்கீடுகள்

சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் திருநாளைப்போவாரைப் பெயரளவில்தான் குறிப்பிட்டார். நம்பியாண்டார் நம்பி ஓர் அந்தாதிச் செய்யுளில் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் அதை 37 பாடல்களாக விரித்தார். அங்கே ஆதனூர்ப் புலைப்பாடி வருகிறது. கோயில் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்த ஒரு தொண்டர் வருகிறார். திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லையில் தீ மூட்டப்படுகிறது. தீயிலிருந்து அவர் முப்புரிநூல் அணிந்த முனிவராக வெளிவருகிறார். அதாவது, பிறந்த உடலோடு அவர் உள்ளே போகவில்லை. அந்த உடல் எரிந்த பிறகே வாசல் திறந்தது.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் பெரிய புராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைப் படைத்தார்: நிலவுடைமையாளரான வேதியர். நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்கிறார் அவர். இந்த ஒரு வேடம் சேர்ந்ததும் கதையின் இடமே மாறிவிட்டது. கோயில் வாசலில் மட்டும் நின்ற கதை வயலுக்கு வந்தது. தீண்டாமைக்குப் பின்னால் பண்ணையடிமை முறை இருக்கிறது என்பதைத் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பாத்திரம் காட்டிவிட்டது. ஆனாலும் வேலையை முடித்தது நந்தனின் கூட்டாளிகள் அல்லர், தெய்வம். சேரி மக்கள் அந்த மேடையில் சிரிப்புக்கான கூட்டமாகவே நின்றார்கள்.

பிறகு நந்தன் திரைக்கு வந்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாக நடித்தார். 1942இல் ஜெமினியின் 'நந்தனா'ரில் தண்டபாணி தேசிகர் நடித்தார். 1978இல் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை' நாடகத்தில் தீயை அற்புதமாக அல்லாமல் சூழ்ச்சியாகக் காட்டினார். அங்கே நந்தன் சோதியில் கலக்கவில்லை, கொல்லப்படுகிறான்.

உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே போதும். இலக்கியம் என்பது மாறாத உண்மை அல்ல, ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் வேடங்களைப் பங்கிட்டுத் தருகிறார் என்று அவருக்குப் புரிந்துவிடும். யார் சேர்க்கப்பட்டார்கள், யார் விடப்பட்டார்கள், யாருக்குப் பேச வசனம் கிடைத்தது, யாருக்கு அழ மட்டும் அனுமதி என்று கேட்கத் தெரிந்துவிட்டால் அவர் எந்த நூலையும் வாசித்துவிடுவார். எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம் இது.

அந்தப் பையனின் மறுப்பையும் இப்போது விளக்கலாம். பாத்திரத்தைக் கண்டு அவன் வெட்கப்படவில்லை. நாடகம் முடிந்து அரிதாரம் கழுவினால் மற்றவர்கள் தங்கள் பெயருக்குத் திரும்பிவிடுவார்கள். அவனை மட்டும் ஆண்டு முழுதும் 'நந்தன்' என்று கூப்பிடுவார்கள். நடிப்பு என்பது தான் அல்லாத ஒருவராக மாறிப் பார்க்கும் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு பிள்ளையிடம் மட்டும் 'நீ நீயாகவே நில்' என்று சொன்னால், அவனிடமிருந்து நாடகத்தையே பிடுங்கிக்கொள்கிறோம் என்று பொருள்.

3. திண்டிவனத்தில் படித்த ஒரு மாணவர்

நந்தன் கதையை மேடையில் அல்லாமல் மண்ணில் மாற்றி எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் சுவாமி சகஜானந்தர். ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் முனுசாமியாகப் பிறந்தார். திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்தார். பிற்காலத்தில் துறவியாகிச் சிதம்பரத்துக்குப் போனார். நந்தன் உள்ளே நுழைய எரிய வேண்டியிருந்த அதே ஊரில், 1916இல், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு நந்தனார் பெயரையே வைத்தார். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சேரிகளிலிருந்து பிள்ளைகள் அங்கே போய்ப் படித்தார்கள். நம் வட்டாரத்தில் முதல் தலைமுறையாக எழுத்தறிந்தவர்கள் சிலரின் வேர் அங்கே இருக்கிறது.

கோயில் வாசலில் நின்ற பெயரைப் பள்ளி வாசலில் எழுதி வைத்தது சாதாரணச் செயல் அல்ல. சகஜானந்தரின் ஆன்மிகத்தோடும் அவர் ஏற்றுக்கொண்ட சைவத்தோடும் நமக்கு விவாதம் இருக்கலாம், இருக்கிறது. ஆனால் வேடப் பங்கீடு என்ற கோணத்தில் பார்த்தால், அவர் நந்தனுக்கு ஒரு புதிய வேடம் தந்தார். பக்தனுக்குப் பதிலாக மாணவன். தீயைக் கடந்து உள்ளே போகிறவனுக்குப் பதிலாக, எழுத்தைக் கற்று வெளியே வருகிறவன். அதற்குப் பிறகு அந்தக் கதையில் வேதியரின் அனுமதிக்கு இடமில்லை.

நம் பாடநூல்களில் ஆதனூர் நந்தன் வரலாம், வராமல் போகலாம். சிதம்பரத்து நந்தனார் பள்ளியின் கதை கட்டாயம் வர வேண்டும். திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு அது உள்ளூர் வரலாறு.

4. களரியும் கதவும்

இனி கூத்துக்கு வருவோம். நாடகம் என்ற சொல்லைப் பள்ளியில் கேட்பதற்கு முன்பே நம் பிள்ளைகள் கூத்தைப் பார்த்திருக்கிறார்கள். செஞ்சியைச் சுற்றிய பகுதி திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட பெருநூல் செஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறது. பாரதப் பிரசங்கம், இரவுக்கூத்து, படுகளம், தீமிதி என்று நாள்கணக்கில் நடக்கும் அந்தத் திருவிழாதான் இம்மண்ணின் பெரிய நாடகப் பள்ளி. மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம், கிரீடமும் புஜக்கட்டையும், இருவர் பிடிக்கும் திரை, திரைக்குப் பின்னிருந்து தன் பெயரைப் பாடிக்கொண்டே வெளிப்படும் வேடம். ஊரிலும் குழுக்கள் உண்டு, சேரியிலும் குழுக்கள் உண்டு. புரிசையின் கூத்து மரபிலிருந்து கற்றுக்கொண்டுதான் ந. முத்துசாமி நவீன நாடகத்துக்குப் புது வழி கண்டார்.

அந்தக் கூத்தின் மையக் காட்சி துகிலுரிதல். சபை நடுவே நிறுத்தப்பட்ட ஒரு பெண் நியாயம் கேட்கிறாள். பெரியவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதை இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்துக் கண்ணீர் விடும் ஊர், காலையில் அதே அம்மன் கோயில் வாசலில் யாரை நிறுத்துகிறது? விழுப்புரத்துக்கு அருகில் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது நுழைந்த தலித்துகள் தாக்கப்பட்டார்கள். 2023 ஜூனில் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் அங்கே வழிபட முடிந்தது. திரௌபதியின் கேள்விக்குச் சபை இன்னும் பதில் சொல்லவில்லை என்பதைத்தான் அந்தப் பூட்டு காட்டியது.

இலக்கியப் பாடத்தில் இதைப் பேசலாமா என்று ஆசிரியர்கள் தயங்குவார்கள். தயக்கம் நியாயமானது, வேலை, ஊர், மிரட்டல் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பேசுவதற்கான வழியைக் கூத்தே வைத்திருக்கிறது. அதன் பெயர் கட்டியக்காரன்.

கட்டியக்காரன் அரசனுக்குப் பணிந்து கட்டியம் கூறுகிறவன். அதே நேரத்தில் அரசனைக் கேலி செய்கிறவனும் அவன்தான். துரியோதனன் செந்தமிழில் தருக்கள் பாட, கட்டியக்காரன் நம் தெருவின் பேச்சில் குறுக்கே கேட்கிறான். புராண காலத்திலிருந்து நேராக இன்றைக்குத் தாவி, ரேஷன் கடையையும் பஞ்சாயத்துத் தேர்தலையும் பேசுகிறான். அவன் கேட்பதற்கு அரசன் கோபப்பட முடியாது. அது கூத்தின் சட்டம். நம் இலக்கிய மரபில், கீழே நிற்கிறவன் மேலே இருப்பவனைக் கேள்வி கேட்க உரிமை பெற்ற நிலையான வேடம் இது ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

வகுப்பறையில் இது இரண்டு விதத்தில் பயன்படுகிறது. ஒன்று, எந்தப் பாடத்துக்கும் ஒரு கட்டியக்காரனைச் சேர்க்கலாம். இராமானுசர் நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். குருவிடம் பெற்ற திருமந்திரத்தை அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார். தான் நரகம் போனாலும் மக்கள் உய்ந்தால் போதும் என்றார். அரிய செயல். இங்கே கட்டியக்காரன் புகுந்து கேட்கட்டும்: 'சாமி, மேலே இருந்து சொன்னீங்க, சரி. கீழே நின்னு கேட்டவங்க யாரு? அவங்க எந்தத் தெரு? கேட்டதுக்கு அப்புறம் அவங்களை உள்ளே விட்டாங்களா?' இந்த மூன்று கேள்விகளும் இராமானுசரை இழிவுபடுத்தவில்லை. அவர் தொடங்கியது எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிக்க உதவுகின்றன. எங்கள் வகுப்புகளில் இந்தக் கேள்விகளுக்குப் பிறகு நடந்த விவாதம் எந்த நெடுவினாவையும் விட நீண்டது.

இரண்டாவது, மொழி. 'இஸ்துகினு', 'வந்துகினு' என்று பேசும் பிள்ளைக்கு அது தப்பு என்று முதல் வகுப்பிலிருந்தே சொல்லப்படுகிறது. அவர் மெல்ல மெல்ல வகுப்பில் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். பேசாத பிள்ளையை மந்தம் என்கிறோம். கட்டியக்காரன் வேடம் தந்தால் அதே பிள்ளை வாய் திறக்கிறார், ஏனென்றால் அந்த வேடத்தின் மொழி அவருடைய வீட்டு மொழி. பேசத் தொடங்கிய பிள்ளைக்கு எழுத்துத் தமிழைக் கற்பிப்பது எளிது. வாயை அடைத்துவிட்டு இலக்கணம் கற்பிக்க முடியாது. இது எங்களுக்குக் கிடைத்த இரண்டாம் பாடம்.

5. பார்ப்பவர் எழுந்து வருவது

குணசேகரனின் தன்வரலாறான 'வடு' 2005இல் வெளிவந்தது. உதவித்தொகைக்காக வகுப்பில் சாதியைச் சொல்லிப் பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்த பள்ளிக்கூடம் அதில் வருகிறது. பலர் முன்னிலையில் எழுந்து நிற்பது என்ற அதே செயல் ஓரிடத்தில் அவமானம். மேடையில் அதுவே ஆற்றல். முதலாவதில் பிறர் நிறுத்துகிறார்கள். இரண்டாவதில் நாமே நிற்கிறோம். அவருடைய நாடக வாழ்க்கையை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

அவருடைய 'பலி ஆடுகள்' தமிழின் தொடக்ககாலத் தலித் நாடகங்களில் முதன்மையானது. சாதியால் பலியாகிறவனை மட்டும் காட்டி அது நிறுத்திக்கொள்ளவில்லை. அவன் வீட்டுப் பெண்ணின் நிலை என்ன என்றும் கேட்டது. நம் அவைகளிலும் குழுக்களிலும் இன்றும் உறைக்கும் கேள்வி அது. காலனிப் பையன்களுக்கு வேடம் வாங்கித் தரப் போராடிய நாம், காலனிப் பெண்பிள்ளை இரவு ஒத்திகைக்கு வர என்ன ஏற்பாடு செய்தோம்? கூத்தில் திரௌபதி வேடத்தை ஆணே கட்டிய மரபு நெடுங்காலமாக இருக்கிறது. பள்ளி நாடகம் அதை மாற்றக்கூடிய இடம். ஆனால் ஒத்திகை பள்ளி நேரத்துக்குள் நடந்தால்தான் மாறும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு மாலை ஆறு மணி ஒத்திகை என்றால் வேடம் மறுக்கப்பட்டதாகவே அர்த்தம்.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற முறையை உருவாக்கினார். ஓர் அநீதியைக் காட்சியாக நடிப்பார்கள். பிறகு அதே காட்சியை மறுபடி நடிப்பார்கள். பார்வையாளர்களில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்து' என்று சொல்லி, எழுந்து வந்து, ஒடுக்கப்படுகிறவரின் இடத்தில் தான் நின்று வேறு வழி செய்து பார்க்கலாம். தீர்வு கிடைக்காமலும் போகலாம். முயன்று பார்க்கும் பழக்கம் கிடைக்கும். தமிழகத்தில் 1990களின் அறிவொளி இயக்கக் கலைப்பயணங்கள் தெருவையே வகுப்பறையாக்கின. 2021 அக்டோபரில் நம் மரக்காணம் பகுதியில் தொடங்கிவைக்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டமும் கலைக்குழுக்களை ஊர் ஊராக அனுப்பியது. ஆகவே நாடகத்தால் கற்பிப்பது நமக்கு அந்நியமான வழியன்று. அதைப் பள்ளியின் உள்ளே, பாடவேளையில், மொழிப் பாடத்தில் வைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

6. செய்து பார்த்தவை

எங்கள் அனுபவத்தில் பயன் தந்த வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வேடத்தைச் சுற்றுக்கு விடுங்கள். ஒரு நாடகத்தில் ஐந்து காட்சி என்றால் ஐந்து பேர் அரசனாகலாம். அடையாளத்துக்கு ஒரு துண்டோ ஒரு கோலோ போதும். அதை வாங்கிக்கொண்டவர் அரசன். அரசத்தன்மை உடலில் இல்லை, கோலில்தான் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாக எந்தச் சமூக அறிவியல் பாடமும் சொல்லிவிடாது.

ஒடுக்கப்பட்டவர் வேடத்தை ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஒதுக்காதீர்கள். அவரே விரும்பிக் கேட்டால் அது வேறு. ஆதிக்கச் சாதிப் பிள்ளை அந்த வேடம் கட்டும்போது கரி பூசவும் கூனிக் குறுகவும் விடாதீர்கள். குனிந்து நிற்பது பிறவிக் குணமல்ல, யாரோ குனியவைத்தது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

மேடை வேலையும் நாடகமே. பெருக்குவது, பெஞ்சு தூக்குவது, தண்ணீர் கொண்டுவருவது எல்லாவற்றுக்கும் நடிப்பவர்கள் உட்பட அனைவர் பெயரையும் எழுதிச் சீட்டுக் குலுக்குங்கள். ஒரு பள்ளியில் சாதி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மேடையைப் பார்க்க வேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் துடைப்பத்தை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

பாட்டி தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். நம் நகரத்தின் நடுவில் நடந்த அந்தக் கொடுமையை அறியாமலேயே இங்கே பத்தாம் வகுப்பு முடித்துவிடலாம். எல்லாக் காயத்தையும் பிள்ளைகள் நடிக்க வேண்டியதில்லை, கூடவும் கூடாது. ஆனால் ஊருக்கு நினைவு இருக்கிறது, அந்த நினைவைக் கேட்டு எழுதுவதும் இலக்கியம் என்று தெரிய வேண்டும். அப்படி எழுதப்பட்டவையே பிறகு தன்வரலாறாகவும் சிறுகதையாகவும் வருகின்றன. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது ஒரு தலைமுறைக்கே எழுதும் துணிவு வந்தது. நம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டிலிருந்து அடுத்தது வரலாம்.

கடைசியாக, நாடகத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பள்ளிகள் நம்புவதில்லை. மொழிப் பாடத்தின் செய்முறையாக ஒரு காட்சியை எழுதி நடிப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அரசைக் கேட்பது நம் அமைப்புகளின் கடமை.

7. ஏன் இப்போது

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர், உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்கள் நீங்க வேண்டும், வகுப்பில் அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. நிறைவேற வேண்டிய பரிந்துரைகள்.

ஆனால் கயிற்றைக் கையிலிருந்து அவிழ்ப்பதோடு வேலை முடியாது. கயிறும் ஒரு வேடப் பொருள்தான். பதினான்கு வயதுப் பையனிடம் ஊர் அதைக் கொடுத்து 'நீ இந்த வேடம்' என்கிறது. அவனும் அதை நம்பி, வசனம் மனப்பாடம் செய்து, அரிவாளோடு களத்தில் இறங்குகிறான். அவனிடமிருந்து கயிற்றை வாங்குகிறவர் மாற்றாக இன்னொரு வேடத்தைக் கொடுக்க வேண்டும். எதிர்த்தெருப் பிள்ளையின் இடத்தில் நின்று ஒரு காட்சி முழுக்கப் பேசிப் பார்த்தவனுக்கு, மறுநாள் அந்தப் பிள்ளையை அடிக்கக் கை அவ்வளவு எளிதில் எழாது. நாடகம் சாதியை ஒழித்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நிலமும் கூலியும் கோயிலும் சுடுகாடும் சமமாகாமல் அது ஒழியாது. ஆனால் சாதி என்பது பிறரால் எழுதப்பட்ட வசனம், அதைத் திருத்தலாம் என்று ஒரு பிள்ளை முதன்முதலாகக் கண்டுகொள்ளும் இடமாக நாடக வகுப்பு இருக்க முடியும்.

விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கல்வியாண்டில் ஒரே ஒரு பாடத்தையாவது உட்கார்ந்து வாசிக்காமல் எழுந்து நின்று நடத்துங்கள். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளுங்கள். கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, எந்த வேடம் வேண்டும் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் கொடுங்கள்.